மாரடைப்பு, பக்கவாதம்: வீட்டிலேயே தொலைந்து போகும் நேரம்

(இந்த மாதக் குழுக் கூட்டத்தில் வாசித்துப் பேச வேண்டிய உடல்நலப் பாடம்)



ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தால் இன்று நம் ஊரில் யாரும் யோசித்துக்கொண்டு உட்காருவதில்லை. உடனே போன், உடனே வண்டி, உடனே ஆஸ்பத்திரி. 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேல் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. நம் பாட்டிமார் காலத்தில் இப்படி இல்லை. அரசு வசதி செய்து கொடுத்தது உண்மை. அதோடு, "வலி வந்தா காத்திருக்கக் கூடாது" என்று நம் பெண்களும் தெரிந்துகொண்டார்கள். இரண்டும் சேர்ந்ததால்தான் இந்த மாற்றம் வந்தது.

ஆனால் அதே வீட்டில் மாமனாருக்கு நெஞ்சு வலி வந்தால் என்ன நடக்கிறது? "கேஸ் டிரபுளா இருக்கும், ஒரு சோடா வாங்கிட்டு வா" என்கிறோம். அத்தைக்கு ஒரு கை விழுந்துவிட்டால் "வாதம் அடிச்சிடுச்சு, எண்ணெய் தடவி விடு" என்கிறோம். விடிந்ததும் பார்ப்போம் என்று படுக்க வைக்கிறோம். பிரசவ வலிக்குக் காத்திருக்காத நாம் இந்த இரண்டு நோய்க்கு மட்டும் ஏன் காத்திருக்கிறோம்? அதைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

இரண்டும் என்ன நோய்?

நம் இதயமும் ஒரு தசைதான். அதுவும் ரத்தம் கிடைத்தால்தான் வேலை செய்யும். அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கட்டி உறைந்து அடைத்துக்கொண்டால் மாரடைப்பு. வாய்க்காலில் மண் சரிந்து அடைத்தால் கடைமடை வயல் காய்வது போல, அடைப்புக்கு அப்பால் இருக்கும் தசை நேரம் போகப் போகச் செத்துக்கொண்டே வரும்.

மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் இதே கோளாறு வந்தால் பக்கவாதம். இதில் இரண்டு வகை உண்டு. குழாய் அடைத்துக்கொள்வது ஒரு வகை. குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிவது இன்னொரு வகை. அடைப்பு வகைதான் அதிகம். பெரிய மூளைக் குழாயில் அடைப்பு வந்தால், சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் மூளைச் செல்கள் அழிகின்றன என்று மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். செத்த செல் திரும்ப முளைக்காது.

இரண்டு நோய்க்கும் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து இருக்கிறது. ஆனால் அதற்குக் கெடு உண்டு. அடைப்பு வகைப் பக்கவாதத்துக்கு, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் அந்த ஊசி போட வேண்டும். மாரடைப்புக்கு 12 மணி நேரம் வரை போடலாம் என்றாலும், முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் நல்ல பலன். நேரம் ஆக ஆக அதே மருந்தின் பலன் குறைந்துகொண்டே போகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

*மாரடைப்பு:* நடு நெஞ்சில் பாறாங்கல்லை வைத்த மாதிரி அழுத்தம். வலி இடது கை, தோள், தாடை, முதுகு, மேல் வயிறு என்று பரவலாம். குப்பென்று வியர்க்கும். மூச்சு வாங்கும். வாந்தி வரும் போல் இருக்கும்.

பெண்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். நமக்குப் பல நேரம் நெஞ்சு வலி பெரிதாக இருக்காது. மூச்சுத் திணறல், காரணம் தெரியாத அசதி, முதுகு வலி, குமட்டல் என்றுதான் வரும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே தெரியாமலும் வரலாம். "மாட்டைக் கறந்துட்டு வந்து படுத்துக்கறேன்", "இவருக்குச் சோறு போட்டுட்டுப் போறேன்" என்று தள்ளிப் போடுவதும் நாம்தான். வேலை நாளைக்கும் இருக்கும். உயிர் அப்படி இல்லை.

*பக்கவாதம்:* இதற்கு மூன்று சோதனை. படிக்காதவர்கூடச் செய்யலாம்.

1. முகம்: சிரிக்கச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா?
2. கை: இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தூக்கச் சொல்லுங்கள். ஒரு கை தானாகக் கீழே இறங்குகிறதா?
3. பேச்சு: ஒரு சின்ன வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். குழறுகிறதா? சம்பந்தம் இல்லாமல் பேசுகிறாரா?

மூன்றில் ஒன்று இருந்தாலும் போதும், 108-ஐக் கூப்பிடுங்கள். திடீரென்று ஒரு கண் தெரியாமல் போவது, நிற்க முடியாமல் தள்ளாடுவது, இதுவரை வராத அளவுக்குப் பயங்கரத் தலைவலி ஆகியவையும் அறிகுறிகள்தான்.

சிலருக்குக் கை விழுந்து பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். "சாமி காப்பாத்திடுச்சு" என்று விட்டுவிடக் கூடாது. பெரிய அடைப்பு வரப்போகிறது என்பதற்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம். அன்றே மருத்துவமனை போக வேண்டும்.

மாநிலத்தில் என்ன ஏற்பாடு இருக்கிறது?

முன்பெல்லாம் நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனால் "இங்க வசதி இல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்பார்கள். அங்கே போனால் இன்னொரு இடம் சொல்வார்கள். நேரமெல்லாம் ரோட்டிலேயே போய்விடும். இதை மாற்றப் பல வருடமாக வேலை நடந்து வருகிறது.

2008-ல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. போன் செய்யவும் காசு இல்லை, வண்டிக்கும் காசு இல்லை.

பிறகு மாரடைப்புக்கு ஒரு புதிய முறையை நம் மாநிலத்தில் சோதித்துப் பார்த்தார்கள். நம் அமைப்பு எப்படி இருக்கிறது? ஊரில் குழு, ஊராட்சியில் கூட்டமைப்பு, அதற்கு மேல் வட்டாரம். குழுவால் முடிந்ததைக் குழு செய்யும். முடியாததை மேலே அனுப்பும். அதே மாதிரிதான் இதுவும். சிறிய மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்து, கட்டி கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, இதயக் குழாயைப் படம் எடுத்துப் பார்த்து அடைப்பை நீக்கும் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். பெரிய மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் நேரே அங்கேயே போக வேண்டும். 4 பெரிய மருத்துவமனைகளையும் அவற்றோடு 35 சிறிய மருத்துவ மையங்களையும் இணைத்து, 2,420 நோயாளிகளைக் கவனித்து ஆய்வு செய்தார்கள். முடிவு 2017-ல் வெளியானது. இந்த முறை வருவதற்கு முன் மாரடைப்பு வந்தவர்களில் ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதம். வந்த பிறகு 14.2 சதவீதம். நூறு பேரில் மூன்று நான்கு பேர் கூடுதலாகப் பிழைத்திருக்கிறார்கள். மூன்று பேர்தானே என்று நினைக்காதீர்கள். அந்த மூன்று பேருக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இந்த மாதிரி ஏற்பாட்டை விபத்து, மாரடைப்பு, பக்கவாதம், தீக்காயம், விஷம் ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செய்ய, தமிழ்நாடு அரசு விபத்து மற்றும் அவசர சிகிச்சைக்கென்று தனித் திட்டம் கொண்டு வந்தது. இதில் சேர்ந்த அரசு மருத்துவமனைகளில் அவசரப் பிரிவுக்கு வருபவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தானவர் சிவப்பு. அவருக்கு வரிசை கிடையாது, சீட்டு எழுதும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

2023 ஜூன் மாதம் 'இதயம் காப்போம்' திட்டம் தொடங்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும், மொத்தம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில், மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை வைத்திருக்க ஏற்பாடு செய்தார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என்று மொத்தம் 14 மாத்திரை. கட்டி மேலும் பெரிதாகாமல் தடுக்க முதல் தவணையாக இதைக் கொடுத்துவிட்டு, மேல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். அதாவது பெரிய ஆஸ்பத்திரியில் தொடங்கும் சிகிச்சை நம் ஊர்ப் பக்கமே தொடங்குகிறது.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். துணை சுகாதார நிலையம் ராத்திரியில் பூட்டியிருக்கலாம். அங்கே போய்க் கதவைத் தட்டி நேரத்தைக் கழிக்காமல் முதலில் 108-க்கு போன் போடுங்கள். எங்கே போக வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள்.

மாரடைப்பு மாத்திரை பக்கவாதத்துக்கு ஆகாது

இதை இரண்டு முறை வாசியுங்கள். "ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின் நல்லதாம்" என்று கேள்விப்பட்டு, கை கால் விழுந்தவருக்கும் சிலர் கொடுத்துவிடுகிறார்கள். பக்கவாதம் அடைப்பா, கசிவா என்று வெளியில் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. தலையை சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். மூளையில் ரத்தம் கசிந்துகொண்டிருப்பவருக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் கசிவு கூடிவிடும். அதனால் பக்கவாதத்தில் ஸ்கேன் எடுக்கும் வரை எந்த மாத்திரையும் வேண்டாம். பி.பி. மாத்திரையைக்கூடக் கூடுதலாகக் கொடுக்கக் கூடாது.

ஸ்கேன் இல்லாத ஆஸ்பத்திரியில் இறங்கினால் பக்கவாத நோயாளிக்கு நேரம்தான் வீண். சி.டி. ஸ்கேனும் கட்டி கரைக்கும் ஊசியும் இருக்கும் மருத்துவமனைக்கு நேராகப் போவதுதான் சரி. சில பெரிய மருத்துவமனைகளில் குழாய் வழியாகக் கம்பி விட்டுக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சையும் உண்டு. தகுதியான சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட இதைச் செய்கிறார்கள். ஆகவே "நேரம் தாண்டிடுச்சு, இனி போய் என்ன பண்றது" என்றும் வீட்டில் இருந்துவிடக் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

குழுவில் வட்டிக் கணக்குப் போடுகிறோம். இதையும் அப்படியே போடுவோம்.

மாலை 6 மணிக்கு ஒருவருக்கு வாய் கோணி, கை விழுகிறது. நாலரை மணி நேரம் என்றால் இரவு 10.30 கடைசிக் கெடு. ஆஸ்பத்திரியில் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கையெழுத்து எல்லாம் முடிய ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 9.30-க்கு வாசலில் இருக்க வேண்டும். நம் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம் என்றால் 8 மணிக்குக் கிளம்பியாக வேண்டும்.

6 மணிக்கும் 8 மணிக்கும் நடுவில் வீட்டில் என்ன நடக்கிறது? "வீட்டுக்காரர் வரட்டும்" என்று ஒரு மணி நேரம். நகையை எடுத்துக்கொண்டு பணத்துக்கு அலைவது அரை மணி. பக்கத்து ஊர் கிளினிக்கில் குளுகோஸ் பாட்டில் ஏற்றுவது முக்கால் மணி. சில ஊர்களில் புறா ரத்தம் தடவக் கூட்டிப் போவதும் உண்டு. அதற்கு எந்தப் பலனும் இல்லை. போன நேரம் மட்டும் திரும்ப வராது. மணி 8.15 ஆகிவிட்டது. கெடு தாண்டிவிட்டது. இதில் ஆம்புலன்ஸ் மீதோ டாக்டர் மீதோ குறை சொல்ல முடியுமா? அவர்கள் கைக்கு நோயாளி போய்ச் சேரவே இல்லையே!

அப்படியானால் 8 மணி வரை நேரம் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. கெடுவுக்குள் எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவுக்கு அவர் எழுந்து நடக்க வாய்ப்பு அதிகம்.

ஆம்புலன்ஸ் வரும் வரை செய்ய வேண்டியவை

- மணியைப் பாருங்கள். நோயாளி *கடைசியாக நன்றாக இருந்த நேரம்* எது? அதை உள்ளங்கையிலாவது எழுதிக்கொள்ளுங்கள். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், படுக்கப் போன நேரத்தைச் சொல்ல வேண்டும். டாக்டர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.
- மாரடைப்பு என்று தோன்றினால் நடக்க விடாதீர்கள். சாய்ந்தாற்போல் உட்கார வையுங்கள். இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள்.
- பக்கவாதம் வந்து மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில், வாந்தி வெளியே வழியட்டும்.
- சாப்பிடும் மாத்திரைகள், பழைய சீட்டு, ஆதார் அட்டை, காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, சமீபத்தில் ஆபரேஷன் நடந்ததா, தலையில் அடிபட்டதா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.
- பேச்சு மூச்சு இல்லாமல் விழுந்துவிட்டால் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நடு நெஞ்சில் இரண்டு கையையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, சுமார் இரண்டு அங்குலம் பதியும்படி அழுத்துங்கள். வண்டி வரும் வரை ஆள் மாற்றி ஆள் செய்யுங்கள்.

செய்யக் கூடாதவை

- பக்கவாதம் வந்தவருக்குத் தண்ணீர், காபி, கஷாயம் எதுவும் வாயில் ஊற்றக் கூடாது. விழுங்கும் சக்தி போயிருந்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.
- டூவீலரில் நடுவில் உட்கார வைத்துக்கொண்டு போகக் கூடாது.
- நெஞ்சு வலிக்கு ஓமத் தண்ணீர், சோடா கொடுத்துவிட்டு "பாக்கலாம்" என்று காத்திருக்கக் கூடாது.
- மருத்துவர், செவிலியர் அல்லது 108 பணியாளர் சொல்லாமல் எந்த மாத்திரையும் கொடுக்கக் கூடாது.

பணம்தான் தடையா?

"கையில காசு இல்லாம எப்படிக் கிளம்பறது?" என்று ஊர் ஊராக எங்களிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 108-க்குக் காசு வேண்டாம். அரசு மருத்துவமனையில் அவசர சிகிச்சைக்கும் காசு வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற வழி செய்யப்பட்டது. முன்பு ஆண்டு வருமானம் 72 ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும் என்றிருந்ததை 1,20,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அட்டை இல்லாத வீடு நம் குழுவில் இருந்தால், நோய் வரும் வரை காத்திருக்காமல் இந்த மாதமே கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்யுங்கள்.

கூட இருப்பவருக்குச் சாப்பாடு, பஸ், போக்குவரத்துச் செலவு இருக்கத்தான் செய்யும். ராத்திரி நேரத்தில் கந்து வட்டிக்காரர் வீட்டு வாசலில் நிற்காமலிருக்கத்தான் நாம் சேமிக்கிறோம். ஆகவே அவசர மருத்துவக் கடனுக்கு முன்கூட்டியே ஒரு தீர்மானம் போட்டு வையுங்கள். ஊக்குநரும் பிரதிநிதியும் சேர்ந்து, குழு முடிவு செய்த தொகை வரை, கையிருப்பிலிருந்து அன்றைக்கே கொடுக்கலாம். அடுத்த கூட்டத்தில் எல்லோரும் ஒப்புதல் கொடுப்பது என்று எழுதுங்கள். கூட்டம் கூடும் வரை மாரடைப்பு காத்திருக்காது.

வராமல் தடுக்க

பி.பி., சுகர், புகையிலை, இந்த மூன்றும்தான் பெரும்பாலும் இந்த நோய்களைக் கொண்டு வருகின்றன. பீடி சிகரெட் மட்டும் இல்லை, வெற்றிலையோடு போடும் புகையிலையும் சேர்த்துத்தான். 2021 ஆகஸ்ட்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, வீடு வீடாகப் போய் பி.பி., சுகர் பார்க்கும் தன்னார்வலர்களாக நம் சுய உதவிக் குழுப் பெண்களையே எடுத்தார்கள். நமக்குப் பெருமையான விஷயம். 30 வயது தாண்டிய ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். பி.பி. 140/90-ஐத் தொடர்ந்து தாண்டினால் சிகிச்சை வேண்டும். "இப்போ நல்லாத்தான் இருக்கேன்" என்று மாத்திரையை நிறுத்துவதுதான் பக்கவாதத்துக்கு நாமே வாசல் திறந்து விடுவது. உப்பு, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் ஊரில் சென்ற வருடம் யாருக்காவது நெஞ்சு வலியோ பக்கவாதமோ வந்ததா? அறிகுறி தொடங்கி ஆஸ்பத்திரி போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனது? எங்கே தாமதம்: வீட்டிலா, ரோட்டிலா, ஆஸ்பத்திரியிலா?
2. வீட்டில் ஆண்கள் இல்லாதபோது 108-ஐக் கூப்பிட நமக்குத் தயக்கம் இருக்கிறதா? ஏன்?
3. நம் ஊருக்குப் பக்கத்தில் இரவு பகல் சி.டி. ஸ்கேன் உள்ள அரசு மருத்துவமனை எது? இதயக் குழாய் அடைப்பை நீக்கும் வசதி எங்கே இருக்கிறது? கிராம சுகாதார செவிலியரைக் கூட்டத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியது

ஒரு அட்டையில் 108, கிராம சுகாதார செவிலியர் எண், ஆரம்ப சுகாதார நிலைய எண், ராத்திரியில் வரக்கூடிய ஒரு ஆட்டோக்காரர் எண், மேலே சொன்ன மருத்துவமனைகளின் பெயர் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு உறுப்பினர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாத மாமியாருக்கு 1, 0, 8 என்று மூன்று எண்ணை அமுக்கச் சொல்லிக் கொடுங்கள். 108-இல் பேசும்போது ஊர், ஊராட்சி, பக்கத்தில் உள்ள கோயில் அல்லது பள்ளிக்கூடம் என்று அடையாளம் சொல்லிப் பழகுங்கள்.

வண்டி உள்ளே வர முடியாத தெரு, விளக்கு எரியாத சந்து இருந்தால் அடுத்த கிராம சபையில் குழுப் பெண்கள் சேர்ந்து போய் மனு கொடுத்துத் தீர்மானம் போட வையுங்கள். ஆம்புலன்ஸ் வந்து சேரும் தூரத்தைக் குறைப்பதும் நம் உரிமைதான்.

அரசு எத்தனை வண்டி விட்டாலும், எத்தனை ஊசி வைத்தாலும், "போன் பண்ணு" என்கிற முதல் சொல் நம் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். அதைச் சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டாம்.

உங்கள் குழு அவசர மருத்துவக் கடன் தீர்மானம் போட்டதும், தீர்மான எண்ணையும் தேதியையும் குறித்து ஊராட்சிக் கூட்டமைப்புக்குக் கொடுங்கள். எல்லாக் குழுவும் போட்ட ஊராட்சிகளின் பெயரை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.